தபால் பையோடு நடந்த பாடகர் ஜான் பிரைன்: அவரை எப்படி நினைவுகூர்வது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவராக, மறைந்த கலைஞர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசி வருகிறோம். அடுத்த கூட்டத்தில் ஜான் பிரைனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசும் பொறுப்பை நானே விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள மேவுட் என்ற சிற்றூரில் 1946 அக்டோபர் 10 அன்று பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்த வட்டாரத்திலேயே தபால்காரராகி, பையைச் சுமந்தபடியே பாட்டுக் கட்டி, பிறகு உலகறிந்த பாடகராகி, 2020 ஏப்ரல் 7 அன்று நாஷ்வில் நகரில் கொரோனாத் தொற்றுக்குப் பலியானவர் அவர். அப்போது அவருக்கு வயது 73.

இதுவரை மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றுமே விருதுப் பட்டியலாக முடிந்தன. "தொடக்கத்தில் தபால்காரராக இருந்தார்" என்று ஒரே வரியில் அந்த ஆண்டுகளைக் கடந்துவிட்டு, இசைத்தட்டுகளின் ஆண்டு விவரங்களுக்குள் போய்விடுகிறேன். ஆனால் அவருடைய பாடல்களைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு வீட்டின் வாசல்வரை தினமும் போய், உள்ளே நுழையாமலேயே அந்த வீட்டின் சுகதுக்கங்களைத் தெரிந்துகொண்ட ஒருவரால்தான் அப்படி எழுத முடியும் என்று தோன்றுகிறது. இது என் மனத்தின் கற்பனைதானா, அல்லது அந்த வேலைக்கும் அந்தப் பாடல்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? அஞ்சல் துறையில் பணியாற்றியவர்களும், அவருடைய பாடல்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. நான் அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் முதல் 11 ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் பட்டுவாடாவில் கழிந்தன. பிரைனின் பாடல்கள் எனக்கு அறிமுகமானது ஓய்வுக்குப் பிறகுதான் என்றாலும், அவருடைய பேட்டிகளைப் படித்தபோது எங்கள் தொழிலின் உட்புறம் தெரிந்த ஒருவர் பேசுவதை உடனே உணர்ந்தேன். உங்கள் எண்ணம் கற்பனை அல்ல.

தபால்காரரின் நாளில் மூளைக்கு வேலை இருப்பது காலையில் மட்டும்தான். கடிதங்களைத் தெரு வரிசையிலும் கதவு எண் வரிசையிலும் பிரித்து அடுக்கும் அந்த நேரத்தில் கவனம் சிதறினால் அன்றைய நாள் முழுவதும் குழப்பமாகிவிடும். அடுக்கி முடித்து நடக்கத் தொடங்கிவிட்டால், பழகிய பீட்டில், அதாவது நமக்கென்று ஒதுக்கிய தெருக்களில், கால் தானாகப் போகும், கையும் தானாக எடுத்துக் கொடுக்கும். சரியான தெருவில்தான் நடக்கிறோம் என்பது உறுதியானால் போதும், அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்ற பொருளில் பிரைன் சொல்லியிருக்கிறார். புத்தகங்களே இல்லாத நூலகம் என்று அவர் தம்முடைய தபால் பாதையை வர்ணித்ததும் இதனால்தான். அமைதி உண்டு, தனிமை உண்டு, நேரம் உண்டு. படிக்க வேண்டிய புத்தகத்தை மட்டும் அவரே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்கத் தபால்காரர் ஒரு வேளையில் தோளில் சுமக்கக்கூடிய பையின் எடைக்கு 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ என்று வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்ட தபால் கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து, பாதையின் நடுநடுவே நிற்கும் பச்சை நிற ரிலே பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பொதுமக்கள் கடிதம் போடும் பெட்டி அல்ல அது. அதைவிடப் பெரியது, கடிதம் போடும் துளையும் அதில் இருக்காது. தபால்காரர் தம் சாவியால் திறந்து அடுத்த கட்டை எடுத்துக்கொள்வார். சிகாகோ வட்டாரத்துக் குளிர்காற்றிலிருந்து தப்பிக்க அந்தப் பெட்டிக்குள் ஒதுங்கித்தான் பிரைன் மதிய உணவைச் சாப்பிடுவாராம். "ஹலோ இன் தேர்" என்ற பாடலை அங்கே இருந்து யோசித்ததாக அவரே கூறியிருக்கிறார். வயது முதிர்ந்த தம்பதியைப் பற்றிய பாடல் அது. பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள், ஒரு மகன் கொரியப் போரில் இறந்துவிட்டான், கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எழுதியவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது என்பதை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தப் பாடலுக்கு இன்னும் பழைய வேர் ஒன்றும் உண்டு. சிறுவனாக இருந்தபோது செய்தித்தாள் போடப் போன ஒரு முதியோர் இல்லத்தில், அங்கிருந்த சில முதியவர்கள் அவரைத் தங்கள் பேரனோ மருமகனோ தங்களைப் பார்க்க வந்திருப்பதுபோல மற்றவர்கள் முன்னால் காட்டிக்கொள்வார்களாம். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டுவாடாவுக்குப் போன காலத்தில், கடிதம் வராது என்று தெரிந்தும் திண்ணையில் வந்து உட்காரும் முதியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். "இன்று ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு நடக்கும் அந்த நாலடி தூரம் மிகக் கடினமானது.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். வியட்நாம் போர் நடந்த அந்த நாட்களில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் தன் பிரதிகளோடு அமெரிக்கக் கொடி அச்சிட்ட ஒட்டுவில்லை ஒன்றை இலவசமாக இணைத்து அனுப்பியது. பிரைன்தான் தம் பாதையில் வீடு வீடாக அந்த இதழ்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் அதே பாதையில் போனபோது ஊர் முழுக்க அந்தக் கொடிகள் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டார். கொடியை ஒட்டிவிட்டதாலேயே சொர்க்கத்துக்கு வழி கிடைத்துவிடாது என்று சொல்லும் பாடல் ஒன்று அதிலிருந்து பிறந்தது. தாம் சுமந்து சென்ற தபாலே பாட்டாகத் திரும்பி வந்த இதற்கு ஈடாக இன்னொன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் மறுமொழி

கேள்வி கேட்டவருக்கும் பெரியவருக்கும் வணக்கம். பெரியவர் சொன்ன செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையைத் தவம்போல ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரைன் அந்த வேலையை நேசித்து அதில் இருந்தவர் அல்லர். அதன் சலிப்பைத் தாங்குவதற்காகத்தான் தலைக்குள் பாட்டுக் கட்டினார். நடுவில் அவரை ராணுவத்துக்கு எடுத்தார்கள். வியட்நாமுக்கு அனுப்பாமல் மேற்கு ஜெர்மனியில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக வைத்தார்கள். திரும்பி வந்து மீண்டும் தபால் பையைத் தோளில் மாட்டியபோது, தம் வயதையொத்தவர்கள் போரிலிருந்து உடைந்துபோய் வருவதைக் கண்டார். பதக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் வீடு திரும்பும் ஒரு படைவீரனைப் பற்றிய "சாம் ஸ்டோன்" அப்படி வந்தது. அந்தப் பாடலின் வேர் தபால் பையில் இல்லை.

அந்தக் காலத்துத் தபால்காரரின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1970-இல் புதிதாகச் சேர்ந்த தபால்காரருக்கு ஆண்டுச் சம்பளம் 6,176 டாலர். 21 ஆண்டுகள் உழைத்த பிறகுதான் உச்சவரம்பான 8,442 டாலரை எட்ட முடியும். அந்த ஆண்டு மார்ச் 18 அன்று நியூயார்க்கில் தொடங்கிய அஞ்சல் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதமாக இருந்தும் அவர்கள் துணிந்தார்கள். பிரைன் பாடத் தொடங்கிய சூழல் அது. அந்த வேலையிலிருந்து வெளியேற வழி தேடிய இளைஞராகவும் அவரைப் பாருங்கள்.

வழி கிடைத்த விதத்தையும் சொல்கிறேன். சிகாகோவின் ஆர்மிடேஜ் சாலையில் ஃபிஃப்த் பெக் என்றொரு சிறிய மதுக்கூடம் இருந்தது. விருப்பமுள்ள எவரும் மேடையேறிப் பாடலாம் என்ற இரவொன்றில், பாடியவர்கள் யாரும் சரியில்லை என்று கீழே அமர்ந்து முணுமுணுத்த பிரைனை, "நீ போய்ப் பாடு பார்க்கலாம்" என்று யாரோ சீண்டிவிட, அவர் ஏறிப் பாடினார். பாடிய மூன்று பாடல்கள் "சாம் ஸ்டோன்", "ஹலோ இன் தேர்", "பாரடைஸ்". முதல் பாடல் முடிந்ததும் கைதட்டல் இல்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு உறைந்திருந்தார்கள். தாம் தோற்றுவிட்டதாகவே அவர் நினைத்தார். பிறகுதான் கைதட்டல் எழுந்தது.

அங்கே அவர் பாடிவந்த நாட்களில் ஒரு மாலை, சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பார்த்துக்கொண்டிருந்த படத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தாகம் தணிக்க உள்ளே நுழைந்தார். கேட்ட பாட்டைப் பற்றி, திரைவிமர்சனம் எழுத வேண்டிய இடத்தில் எழுதினார். சில சொற்களில் வலிய செய்தியைக் கொண்டுசேர்க்கும் பாடும் தபால்காரர் என்ற பொருள்படும் தலைப்பில் அது வெளிவந்தது. பிரைனின் பாட்டுக்குக் கிடைத்த முதல் பத்திரிகை விமர்சனம் அதுதான். வெளிவந்த நாள் 1970 அக்டோபர் 9. அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோவில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாடு, இந்தியப் பிரதிநிதி ஒருவர் முன்மொழிந்ததை ஏற்று, அக்டோபர் 9-ஐ உலக அஞ்சல் நாளாக அறிவித்திருந்தது. தற்செயல்தான் என்றாலும், ஒரு தபால்காரரின் பாட்டை உலகம் முதன்முதலாகப் படித்தது அஞ்சல் நாளில், அவருடைய 24-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாளில் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு பிரைனின் நண்பரும் பாடகருமான ஸ்டீவ் குட்மன், தம் பாடல்களைப் பாராட்டிய புகழ்பெற்ற பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனிடம், தம்மைவிட்டுவிட்டு முதலில் தம் நண்பரைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தி அவரை நள்ளிரவுக்குப் பின் அழைத்துப் போனார். பிரைன் அப்போது பாடிவந்த வேறொரு மதுக்கூடத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்ட நேரம் அது. அந்தக் காலி அறையில் பிரைன் பாடினார், திரும்பவும் பாடச் சொன்னார்கள், மறுபடியும் பாடினார். 1971-இல் அட்லாண்டிக் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. தமக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பை நண்பருக்கு முதலில் தூக்கிக் கொடுத்த குட்மனை உங்கள் பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் மறுமொழி

தபால் பையா, மதுக்கூட மேடையா என்ற விவாதத்தில் அவருடைய தந்தையை யாரும் நினைக்கவில்லையே என்று எழுதுகிறேன். என் தந்தையை இழந்த ஆண்டில்தான் நான் பிரைனைக் கேட்கத் தொடங்கினேன். ஆகவே என் மறுமொழி ஒருபக்கமாக இருக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரைனின் பெற்றோர் கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக மேவுட்டுக்கு வந்தவர்கள். தந்தை தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்யும் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். ஆலை வேலைக்காகக் குடிபெயர்ந்தாலும் மனம் முழுக்கச் சொந்த ஊர்தான். கோடைக்குக் கோடை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவார். அவர்கள் போன ஊர்களில் ஒன்று கிரீன் ஆற்றங்கரையில் இருந்த பாரடைஸ். நிலக்கரிக்காக நிலத்தின் மேற்பரப்பையே உரித்தெடுத்தார்கள். 1963-இல் அங்கே ஓர் அனல்மின் நிலையம் எழுந்தது. 1967-இல் மிச்சமிருந்த வீடுகளையும் விலைக்கு வாங்கி ஊரையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்த ஊருக்குத் தன்னை அழைத்துப் போகும்படி மகன் தந்தையைக் கேட்பதும், ஊரே போய்விட்டது என்று தந்தை பதில் சொல்வதுமாக அமைந்த பாடல்தான் "பாரடைஸ்". தாம் பாட்டுக் கட்டுகிறவன் என்பதைத் தந்தைக்குக் காட்டவே அதை எழுதியதாகப் பிரைன் சொல்லியிருக்கிறார்.

முதல் இசைத்தட்டு கடைக்கு வருமுன் 1971-இல் தந்தை காலமானார். ஆனால் அதற்கு முன்பே ஒலிநாடாவை வீட்டுக்கு எடுத்துவந்து மகன் போட்டுக் காட்டியிருந்தார். "பாரடைஸ்" தொடங்கியதும் தந்தை எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்தபின் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மகன் கேட்டபோது, எங்கோ ஒரு கடையில் இருக்கும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியிலிருந்து அது ஒலிப்பதாக எண்ணிக்கொள்ள விரும்பியதாகச் சொன்னாராம். தந்தைமார்கள் எதிரே நின்று பாராட்டுவதில்லை. மகனின் பாட்டு ஊரெல்லாம் ஒலிப்பதை அந்த மனிதர் உயிரோடு இருந்து கேட்கவில்லை. கேட்பதாக எண்ணிக்கொண்ட அந்த இருட்டு அறை ஒன்றுதான் அவருக்கு வாய்த்தது. ஒருமுறைகூட அழாமல் என்னால் இதை யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை.

தம் சாம்பலைக் கிரீன் ஆற்றில் கரைத்துவிடும்படி பிரைன் அந்தப் பாடலிலேயே கேட்டிருந்தார். குடும்பத்தினர் ஒரு பாதியை அந்த ஆற்றில் விட்டார்கள், மறு பாதியைச் சிகாகோவில் பெற்றோரின் அருகில் புதைத்தார்கள். ஊரை விழுங்கிய அந்த மின்நிலையத்தின் கடைசி அலகை 2020 பிப்ரவரி 1 அன்று மூடினார்கள். பாட்டை எழுதியவர் அதன்பிறகு இரண்டு மாதங்களும் சில நாட்களும் வாழ்ந்தார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பெரியவர் சொன்ன கொடி ஒட்டுவில்லைச் செய்தியும், பக்கத்து அறையில் இருந்த தந்தையும் எனக்கு முற்றிலும் புதியவை. அந்த வேலையைத் தவமாக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் ஏற்றுக்கொள்கிறேன். என் எண்ணத்தை ஓரளவு மாற்றிக்கொண்டேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. பையை இறக்கிவைத்த பிறகு வந்த 50 ஆண்டுகளில் அந்தத் தபால்காரர் எங்கேயாவது தென்படுகிறாரா?

நான்காம் மறுமொழி

தென்படுகிறார் என்றே நினைக்கிறேன். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களோடு இருந்த தொடர்பு முடிந்ததும், 1980-களின் தொடக்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஓ பாய் என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். இன்று இணையத்தில் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டுவது இயல்பாகிவிட்டது. அன்று அவருடைய ரசிகர்கள், இன்னும் பதிவே செய்யப்படாத இசைத்தட்டுக்குக் காசோலைகளைத் தபாலில் அனுப்பி, செலவு முழுவதையும் ஈடுகட்டினார்கள். எந்த ஊரின் வாசல்களில் கடிதம் போட்டு வளர்ந்தாரோ, அதுபோன்ற ஊர்களிலிருந்து அவருடைய பெட்டிக்குக் கடிதங்கள் வந்து விழுந்தன.

அவருடைய குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998-இல் கழுத்தில் புற்றுநோய் கண்டு அறுவை செய்தபோது நாக்குக்குச் செல்லும் நரம்புகள் சில பாதிக்கப்பட்டன. பேச்சுப் பயிற்சியோடு ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்து மேடைக்குத் திரும்பியபோது குரல் தாழ்ந்து கரகரத்திருந்தது. பழைய குரலைவிட அதுவே தமக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். 2013-இல் இடது நுரையீரலில் மறுபடியும் புற்றுநோய். அறுவைக்குப் பின், மாடிப்படிகளில் ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே கிதாரை எடுத்து இரண்டு பாடல்களைப் பாடும் பயிற்சியைச் செய்தார். படியேறி வீடு வீடாகப் போய்ப் பழகிய கால்கள் அவை. 2018-இல் வெளிவந்த "தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்", 13 ஆண்டுகளுக்குப் பின் முற்றிலும் புதிய பாடல்களோடு அவர் தந்த இசைத்தொகுப்பு. அது அமெரிக்க இசைத்தொகுப்புகளின் தரவரிசையான பில்போர்டு வரிசையில் 5-ஆம் இடம் வரை ஏறியது. வாழ்நாள் முழுவதிலும் அவர் தொட்ட உயரம் அதுவே. 71 வயதில் கிடைத்தது.

விருதுகளில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள், போதும். 2020-இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும், இறந்த மூன்று மாதங்களுக்குள் இல்லினாய் மாநிலத்தின் முதல் கௌரவ அரசவைக் கவிஞர் என்ற பட்டமும் வந்தன. இவற்றைவிட எனக்கு முக்கியமானது 2005-இல் நடந்த ஒன்று. அப்போது அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக இருந்த டெட் கூசரின் அழைப்பின்பேரில், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பிரைன் பேசினார், பாடினார். பாடலாசிரியராக இருந்து பாடும் ஒருவர் அங்கே அப்படி அழைக்கப்பட்டது அதுவே முதல்முறை. புத்தகமில்லாத நூலகத்தில் நடந்து நடந்து எழுதியவர், உலகின் மிகப்பெரிய நூலகத்துக்குள் தம் கிதாரோடு நுழைந்தார்.

கேள்வி கேட்டவர்

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ரிலே பெட்டியில் தொடங்கி, குட்மன் வழியாகக் காங்கிரஸ் நூலகம் வரை போகிறேன். விருதுகளுக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஒதுக்கப்போவதில்லை. முடிவில் நானே பேசுவதற்குப் பதிலாக, அரங்கின் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் ஒலிப்பெட்டியை வைத்து "பாரடைஸ்" பாடலை ஒலிக்கவிடப் போகிறேன். கதவைத் திறந்து வைப்பதா, பாதி சாத்தி வைப்பதா என்பதைக் கூட்டத்துக்கு முந்தின மாலை அங்கே போய்க் கேட்டுப் பார்த்து முடிவு செய்வேன்.